முதியோர் தவறி விழுதலும் மருந்தாளுநரின் கடமையும்

முதுமை எய்தியவர்கள் தவறி விழுவது நம் ஊர்களில் அடிக்கடி நிகழ்வதாகும். "வயதாகிவிட்டது, கால் தடுமாறிற்று" என்று சொல்லி நாம் அதனை விதியின்பால் விட்டுவிடுகிறோம். ஆனால் விழுதலுக்குரிய காரணம் பல சமயங்களில் காலில் இல்லை. காலையும் இரவும் உட்கொள்ளும் மாத்திரைகளில் இருக்கிறது. இதனை முன்கூட்டியே கண்டு தடுக்கக்கூடியவர்களில் ஒருவர் மருந்துக் கடையிலுள்ள மருந்தாளுநர். அவர் செய்யக்கூடியது யாது, அங்கத்தினர்களாகிய நாம் அவரிடம் கேட்டுப் பெறவேண்டியது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்தபடியாக நிற்பது இதுவே. இவ்வாறு மாள்வோரில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். உயிர் தப்பினாலும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறியுமாயின் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்; நெடுநாள் படுக்கையும் நேரலாம். தறியில் அமர்பவர் படுத்துவிட்டால் பாவு அப்படியே நிற்கும். அவரைப் பேணுவதற்கு மற்றொருவர் அமர்ந்தால் இருவர் வருமானமும் போகும்.

மருந்து எவ்வாறு விழச் செய்கிறது?

அமர்ந்திருப்பவர் எழுந்து நின்றவுடன் இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. இளமையில் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி, இதயமும் சற்று விரைந்து துடித்து, மூளைக்கு இரத்தம் குறையாமல் காக்கின்றன. முதுமையில் இச்செயல் மந்தமாகிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், பிராஸ்டேட் வீக்கத்திற்கு ஆண்களுக்குத் தரப்படும் டாம்சுலோசின் ஆகியவை இம்மந்தத்தை அதிகமாக்கலாம். நின்ற 3 நிமிடங்களுக்குள் அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறையுமாயின் மருத்துவர்கள் அதனைக் கவனிக்கத்தக்க தாழ்வாகக் கொள்கின்றனர். குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து திடீரென மேலேறும் முதியவருக்குக் கண் இருண்டு வருவதும், வரப்பில் குந்தியிருந்து எழும் விவசாயிக்குத் தலை சுற்றுவதும் இதனால் நேரலாம்.

இரண்டாவது வகை, உறக்கத்திற்கும் மனக்கலக்கத்திற்கும் தரப்படும் டயஸிபாம், அல்பிரஸோலாம் போன்றவை. இளைஞர் உடலில் டயஸிபாம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகுமெனில், 80 வயதினர் உடலில் மூன்று நாட்களுக்கு மேலும் ஆகலாம். ஆதலின் நேற்று உண்டது தீருமுன் இன்றைய மாத்திரை சேருகிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர் தள்ளாடுகிறார். சளி மாத்திரைகளில் கலந்துள்ள குளோர்பெனிரமினும், நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் அவ்வாறே மயக்கம் தரக்கூடியவை.

மூன்றாவது, சர்க்கரை வியாதிக்கான கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை. இவற்றை விழுங்கிவிட்டு விரதமென்றோ வேலையென்றோ உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் உண்டாகி மயங்கி விழ நேரும்.

இவ்வாபத்தை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். அமெரிக்க மருத்துவர் மார்க் பீர்ஸ் என்பார், முதியோருக்குத் தகாத மருந்துகளின் பட்டியலொன்றை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் அதனைத் திருத்தித் திருத்திப் புதுப்பித்து, 2023ஆம் ஆண்டிலும் வெளியிட்டது.

மருந்தாளுநர் ஏன்?

70 வயது நெசவாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரத்த அழுத்த மாத்திரை அரசு மருத்துவமனையிலிருந்து வருகிறது. முதுகு வலிக்குத் தனியார் மருத்துவர் வேறு மாத்திரை எழுதுகிறார். உறக்கம் வரவில்லையென்று உறவினர் ஒருவர் தம் மாத்திரையில் இரண்டைக் கொடுக்கிறார். சளிக்குக் கடையில் தாமே வாங்குகிறார். கொடுக்கும் கைகள் நான்கு. முழுவதையும் ஒருங்கே பார்க்கும் கண் ஒன்றும் இல்லை. ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் வந்து இருமடங்காக உட்கொள்ளப்படுவதும் உண்டு. மாத்திரைகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு சென்றால், அவற்றின் பொதுப்பெயரைப் படித்து எது எதனோடு மோதும் என்று சொல்ல வல்லவர் மருந்தாளுநர்.

இது அவர் செய்யும் தயவு அன்று; கடமையாகும். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி பதிவு பெற்றவரே மருந்து வழங்கலாம். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்லவேண்டுமென 2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிகள் வகுத்துள்ளன. டயஸிபாம், அல்பிரஸோலாம் ஆகியவற்றை மருத்துவர் சீட்டின்றித் தரலாகாது. தந்தவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். ஆகவே சீட்டுக் கேட்கும் கடைக்காரரிடம் நாம் கோபங்கொள்வது முறையன்று.

நாம் செய்யவேண்டியவை

முதலாவதாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும், புதிய மருந்து சேரும்போதெல்லாமும், வீட்டு முதியவரின் மாத்திரைகள் அனைத்தையும் மருந்தாளுநரிடம் காட்டுக. நாட்டு மருந்து, தைலம், உறவினர் தந்தவை எதையும் மறைத்தலாகாது. இரண்டாவதாக, கடந்த ஆண்டில் விழுந்ததுண்டா, எழும்போது தலை சுற்றுகிறதா என்பதைத் தாமாகவே சொல்லுக. மூன்றாவதாக, சிறுநீர் மாத்திரையைக் காலையில் உட்கொள்ளலாமா என்று கேளுங்கள். மாலையில் உண்பதால் இரவில் பலமுறை எழ நேரிடுகிறது. நான்காவதாக, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் செய்க. தறிக் குழியிலிருந்து ஏறுமுன் காலைச் சில முறை அசைத்து, சிறிது பொறுத்து, கட்டையைப் பற்றி எழுவது நலம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எம்மருந்தையும் தாமே நிறுத்திவிடக்கூடாது. அழுத்த மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். நெடுநாள் உண்ட உறக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பும் நேரலாம். மருந்தாளுநர் குறை கண்டு மருத்துவருக்குக் குறிப்பு எழுதுவார்; அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் மருந்தகங்களை நடத்திவருகின்றன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களிலும் பல, சங்கங்களின் வசம் உள்ளன. மலிவு விலை ஒரு நன்மை. மருந்தாளுநர் சொல்லும் நல்வார்த்தை மற்றொரு நன்மை. மருந்தகம் நடத்தும் சங்கங்கள் மாதம் ஒரு நாளை முதியோரின் மருந்துகளைப் பார்வையிடுவதற்கென ஒதுக்கினால் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த பொதுக்குழுவில் இதனை அங்கத்தினர்கள் எழுப்புவார்களாக. ஒரு முதியவர் விழாமல் காக்கப்பட்டாலும் ஒரு குடும்பம் கடனுக்கு ஆளாகாமல் காக்கப்படும்.