கல்லில் எழுதிய கேலி

எலவனாசூர்க்கோட்டைச் சிவாலயத்தின் சுவர்களில் சோழர் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன. மானியமும் ஆணையுமாக உளியால் பொறித்தவை. அவற்றைப் பார்த்து வளர்ந்த நாம், கல் என்பது அதிகாரத்தின் ஏடு என்றே வெகுகாலம் எண்ணியிருந்தோம். அதே கல்லை அதிகாரத்தைப் பரிகசிக்கவும் எடுத்தாளலாம் என்பதை, ககனேந்திரநாத தாகூரின் கல்லச்சுச் சித்திரங்களைக் கண்ட பிறகே உணர்ந்தோம்.

இவர் 1867-ல் கல்கத்தாவில் பிறந்தவர்; ஓவியர் அவனீந்திரநாதரின் தமையனார்; மகாகவி ரவீந்திரநாதருக்குத் தமையன் மகன் முறை.

கல்லச்சு வேடிக்கையான வித்தை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மசி உருளையை ஓட்டுவார்கள். ஈரமான இடம் மசியைத் தள்ளும். கோடுகள் மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு காகிதத்தை வைத்து அழுத்தவேண்டியதுதான். உளிக்கு வேலையே இல்லை. கோயில் சாசனத்தை நாம் தேடிப் போகவேண்டும். கல்லச்சுப் படமோ நம் வீடு தேடி வரும்!

1917-ல் 'அத்புத லோக்' என்ற தொகுதியையும், 1921-ல் 'நவ ஹுல்லோட்' என்பதையும் ககனேந்திரநாதர் வெளியிட்டார். துரைமார் உடுப்பில் திணறும் பாபுக்கள், சாதியின் பெயரால் மனிதரை அரைப்பவர்கள், அரசியல் சீர்திருத்தம் என்று கூச்சலிடும் பிரமுகர்கள் ஆகிய கல்கத்தா நகரத்துப் பெரிய மனிதர்கள் அவற்றில் அகப்பட்டுக்கொண்டார்கள். வெள்ளையர் ஆட்சியைக் கேலி செய்த அதே கை, நம்மவரின் போலித்தனத்தையும் விட்டுவைக்கவில்லை. இதுவே அவருடைய நேர்மை.

அவற்றுள் நம்மைத் தூங்கவிடாத படம் ஒன்று உண்டு. சர்வகலாசாலையை அவர் ஓர் ஆலையாக வரைந்துவிட்டார். அதில் அகப்பட்டு நசுங்குபவர்கள் மாணவர்கள்! வரைந்த காலத்தில் அது கேலி. 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் உத்தியோகத்துக்கு அலைந்தபோது, அது கேலியாகவா இருந்தது?

நாமும் அந்த ஆலையில் ஒரு பட்டம் பெற்று வந்தவர்தாம். சென்ற வாரம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, கோயில் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றோம். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிரவு படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஆலையை ஓட்டுகிறவர் யார் என்று இனி வேறெங்கும் தேடவேண்டியதில்லை. நாளைக் காலை அந்தப் பையனை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம்.