இடுப்பு வலிக்கு நாக்கை ஏன் பார்க்கிறார்கள்?

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறவரிடம் சீன வைத்தியர் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறார். வந்தவருக்குக் குழப்பம். வலி இடுப்பில் இருக்க, நாக்கில் என்ன தெரியப்போகிறது? வைத்தியரோ ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக அவரைத் திருப்பி உட்காரவைத்து நிதானமாகப் பார்க்கிறார். நாக்கு வெளிறியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, மேலே படிந்திருக்கும் மாவு வெள்ளையா மஞ்சளா, ஓரங்களில் பல் பதிந்த தடம் உண்டா என்று கவனிக்கிறார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கிறார். ஒரு கை முடிந்ததும் மறு கை. அதற்குப் பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. குளிர் தாங்குமா? எங்கே வியர்க்கிறது? தாகம் எடுத்தால் வெந்நீர் கேட்கிறதா, பச்சைத் தண்ணீரா? மலம் எப்படிப் போகிறது? தூக்கம் வருகிறதா?

இந்தக் கேள்விகளுக்கு வயது அதிகம். மிங் அரசர் காலத்து வைத்தியர் ஜாங் ஜிங்யுவே (1563-1640), மாணவர்கள் மறக்காமல் இருக்க இவற்றைப் பத்துக் கேள்விகளாகப் பாட்டாகவே கட்டிவைத்தார். காரணம் இருக்கிறது. சீன மருத்துவத்தில் 'இடுப்பு வலி' என்ற பெயர் மட்டும் போதாது. ஈரத்திலும் குளிரிலும் நின்று வேலை பார்த்து வந்த வலி வேறு, கீழே விழுந்து ரத்தம் கட்டியதால் வந்த வலி வேறு, வயதாகி உடல் தளர்ந்து வந்த வலி வேறு. மூவரும் ஒரே இடத்தைத் தொட்டுக்காட்டினாலும் மூவருக்கும் சிகிச்சை வேறு. சீன வைத்தியர் நாக்கிலும் நாடியிலும் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

சித்த வைத்தியரிடம் நாடி காட்டிய தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் அதே மணிக்கட்டு, அதே மூன்று விரல்கள். சித்தர் மரபு அந்த விரல்களின் அடியில் வாதம், பித்தம், கபம் என்று படிக்கிறது. சீன மரபோ மேலாக அழுத்தியும் ஆழமாக அழுத்தியும், ஒவ்வொரு விரலின் கீழும் ஒவ்வோர் உறுப்பின் நிலையைப் படிக்கிறது.

இனி ஊசிக்கு வருவோம். அக்குபங்சர் என்றதும் பலரும் பின்வாங்குவது ஊசி என்ற சொல்லைக் கேட்டுத்தான். மருந்து ஏற்றும் ஊசியோடு இதை ஒப்பிடவே கூடாது. அக்குபங்சர் ஊசியின் கனம் சுமார் 0.25 மில்லிமீட்டர், சாதாரண ஊசியில் பாதிகூட இல்லை. உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. மெல்லிய குழாய்க்குள் ஊசியை வைத்து, மேலே விரலால் ஒரு தட்டு தட்டினால் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. இந்தக் குழாயைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி. அவருக்குக் கண் தெரியாது. பார்வையில்லாதவரும் பிசகாமல் ஊசி இறக்க வழி தேடியவரின் கண்டுபிடிப்பு, இன்று உலகம் முழுக்கக் கண் தெரிந்தவர்களுக்கும் உதவுகிறது.

ஊசி இறங்கியதும் வைத்தியர் அதை லேசாகத் திருகுகிறார். அப்போது அந்த இடத்தில் ஓர் உளைச்சல், ஒரு மரமரப்பு, உள்ளே ஏதோ உப்பியது போன்ற கனம். அந்த உளைச்சலுக்குச் சீனர் சொல்லும் சொல்லுக்குப் 'புளிப்பு' என்றும் பொருள் உண்டு. 'சக்தி வந்து சேர்ந்தது' என்பதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள். பிறகு 20 நிமிடம், அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். பலர் தூங்கிவிடுவார்கள்.

உடலில் 'ச்சி' என்னும் உயிர்ச்சக்தி 12 முக்கியப் பாதைகளில் ஓடுகிறது, அந்த ஓட்டம் எங்கே தடைபடுகிறதோ அங்கே வலி என்பது பழைய கோட்பாடு. பாதைகளின் மேல் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் தரப்படுத்தியிருக்கிறது. புள்ளியைக் கண்டுபிடிக்க அளவுகோல் நோயாளியின் கைதான். அவருடைய கட்டை விரலின் அகலம் ஓர் அளவு. வர்ம ஆசான்கள் நோயாளியின் விரற்கடையால் அளப்பது போலத்தான். பாதை, புள்ளி என்று சொல்கிறார்களே, உடலை அறுத்துப் பார்த்தால் தெரியுமா என்றால், தெரியாது. நரம்பும் ரத்தக் குழாயும் தெரிவது போல இந்தப் பாதைகள் யார் கண்ணுக்கும் தென்பட்டதில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் புள்ளியைச் சரியாகத் தொட வேண்டும் என்பதில் சீனர்கள் காட்டிய கண்டிப்பு வியக்கவைப்பது. 1027இல் சோங் அரசவையின் வைத்தியர் வாங் வெய்யி ஆளுயர வெண்கலச் சிலைகள் இரண்டைச் செய்வித்தார். உடல் முழுக்கப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் சின்னத் துளைகள். தேர்வு நாளில் சிலைக்கு மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே திரவத்தை நிரப்பிவிடுவார்கள். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் திரவம் கசியும். தவறினால் ஊசி மெழுகோடு நின்றுவிடும்.

இவ்வளவு பெருமையோடு வளர்ந்த கலையைச் சீனாவே ஒரு கட்டத்தில் கைவிடப் பார்த்தது. 1822இல் சிங் பேரரசர் தாவோகுவாங், அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சரைத் தடை செய்தார். 1929இல் குடியரசு அரசு பாரம்பரிய வைத்தியத்தையே ஒழிக்க முயன்றபோது வைத்தியர்கள் திரண்டு எதிர்த்ததால் அது நின்றுபோனது. பிறகு மாவோவின் அரசு, கிராமங்களில் டாக்டர்கள் போதாத நிலையில், இதைத் தூக்கி நிறுத்தியது.

அமெரிக்கா பரவலாகக் கவனிக்க ஆரம்பித்தது 1971 ஜூலையில். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போயிருந்தபோது குடல்வால் அழற்சி வந்து அவசர அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் இரவு வயிற்றில் வாயு அழுத்தி வேதனை. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி குத்தி, மாசிபத்திரி இனத்து மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தம் குறைந்ததாக அவர் எழுதினார். அறுவை சிகிச்சையே அக்குபங்சரில் நடந்ததாக இன்றும் சிலர் சொல்வது தவறு. அவருக்கு மரத்துப்போக வழக்கமான மருந்துதான் கொடுத்தார்கள். ஊசி வந்தது அதற்குப் பிறகு, வயிற்று வாயுவுக்காக. வாயுத் தொல்லை எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே!

சரி, ஊசி உண்மையில் வேலை செய்கிறதா?

இதற்கு ஜெர்மனியில் நடந்த சோதனையைப் போலத் தெளிவாகப் பேசும் சான்று குறைவு. 2007இல் வெளியான அந்த ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி ஊசி. இரண்டாம் பிரிவுக்குப் புள்ளியில்லாத இடங்களில், மேலோட்டமாக, பெயருக்கு ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. பெயருக்குக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊசிக்கு ஆதரவாளர்கள் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் மட்டும் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் காட்டுவார்கள். வலியோடு வந்தவருக்கு ஊசி சிகிச்சை பலன் தந்தது உண்மை. ஆனால் வெண்கலச் சிலையில் தேடிய அந்தத் துல்லியமான துளைக்கு நாம் நினைத்த அளவு முக்கியத்துவம் இல்லை என்பதும் உண்மை. தோலைக் குத்தும்போது உடல் தன் வலிநிவாரணப் பொருள்களைச் சுரக்கிறது. வாரம் இருமுறை ஒருவர் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்கிறார். அவர் சொல்வதை இன்னொருவர் பொறுமையாகக் கேட்கிறார். நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, தூக்கத்தையும் தாகத்தையும் விசாரிக்கும் அந்த நேரத்துக்கும் மருந்தின் குணம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவமனைகள் அதைக் கவனித்தால் நல்லது.

ஜெர்மனியின் காப்பீட்டு நிறுவனங்கள் 2007 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபங்சர் செலவை ஏற்கின்றன. பிரிட்டனின் அரசு வழிகாட்டிக் குழு 2009இல் இடுப்பு வலிக்குப் பரிந்துரைத்து, 2016இல் அதைத் திரும்பப் பெற்றது. ஒற்றைத் தலைவலிக்கும் டென்ஷன் தலைவலிக்கும், தடுப்பு முறையாக, 5 முதல் 8 வாரத்துக்குள் 10 தடவை வரை குத்திக்கொள்ளலாம் என்று அதே குழு 2012இல் சொன்னது. ஒரு தடவை குத்திவிட்டுப் பலனில்லை என்று எழுந்து வருவதிலும், மாதக்கணக்கில் பலனில்லாமல் பணம் கட்டுவதிலும் அர்த்தமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

ஊசியைவிடச் சீன வீடுகளுக்கு நெருக்கமானது கஷாயம். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்பவரின் உறவினர் இருநூறு பேருக்கு மேல். பத்தாண்டுக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தார்கள், பெரும்பாலும் காய்ச்சலால். அந்தத் துயரத்தில் அவர் காய்ச்சல்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. அதில் ஜலதோஷத்தோடு வரும் காய்ச்சலுக்கு ஒரு கஷாயம்: இலவங்கப்பட்டை மரத்தின் சிறு கிளை, பியோனி வேர், அதிமதுரம், பச்சை இஞ்சி, சீன இலந்தைப்பழம். பியோனியை விட்டால் மற்றதெல்லாம் நம் நாட்டு மருந்துக் கடைக்குத் தெரிந்த சரக்கு, அல்லது அதன் உறவு. கஷாயத்தைக் குடித்த சிறிது நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி குடித்து, போர்த்திப் படுத்து, லேசாக வியர்க்க விட வேண்டும் என்கிறார். வியர்வை ஆறாக ஓடக் கூடாதாம். காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த எந்தப் பாட்டிக்கும் இது புரியும்.

இந்த நூல்களில் அறிவியல் தேடியவர்களுக்குப் பொக்கிஷமும் கிடைத்திருக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ, நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பொன்றைப் படித்தார். மூலிகையைக் கொதிக்கவிடச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971இல் பலன் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும்.

அதே மூலிகைப் பெட்டியில் விஷமும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. 'ஃபாங் ஜி' என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. மருந்தில் ஒன்றுக்குப் பதில் மற்றது சேர்ந்துவிட்டது. அந்தச் செடி நம்மூர் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். 'மூலிகைதானே, ஒன்றும் செய்யாது' என்று சொல்லும் எவரும் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு அக்குபங்சரைக் கொண்டுவந்தவர் கல்கத்தாவின் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938இல் இந்திய மருத்துவர் கோட்னிஸ் இருந்த மருத்துவக் குழுவோடு சீனா சென்றவர், ஐம்பதுகளின் இறுதியில் திரும்பவும் போய் இந்தக் கலையைக் கற்று வந்தார். தமிழ்நாட்டில் இப்போது ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு முடிக்கும் முறை பரவியிருக்கிறது. மேலே சொன்ன ஜெர்மன் எண்கள் அந்தத் தொடுதலுக்குப் பொருந்தாது. அங்கே சோதித்தது ஊசியை. அதைவிடக் கவலை தருவது, சர்க்கரை மாத்திரையை நிறுத்து, இன்சுலினைத் தூக்கிப் போடு என்று சில இடங்களில் சொல்லப்படும் பேச்சு. சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உண்டு, கஷாயத்தோடு நவீன மாத்திரையும் எழுதுகிறார்கள். பிறந்த வீட்டில் இல்லாத விரோதத்தை இங்கே யாரும் உண்டாக்க வேண்டியதில்லை.

அக்குபங்சர் செய்துகொள்ளப் போகிறவர் கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று: ஊசி உறையைத் தம் முன்னால் பிரிக்கிறார்களா, பயன்படுத்தியதும் ஊசியை வீசிவிடுகிறார்களா என்பது. வாயால் சொல்ல வேண்டியவை சில: கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதயத்தில் பேஸ்மேக்கர். நெஞ்சிலும் மேல் முதுகிலும் தேர்ச்சியில்லாத கை ஆழமாகக் குத்தினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். அபூர்வம்தான் என்றாலும் நடந்திருக்கிறது. காய்ச்சலோடு இடுப்பு வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை, திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி ஆகியவற்றுக்கு ஊசியைத் தேடி நேரம் கடத்தக் கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே, ஊசி இல்லாமல் செய்து பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, முழங்கைப் பக்கமாக மறு கையின் மூன்று விரல்களைச் சேர்த்து வைக்க வேண்டும். மூன்றாம் விரல் முடியும் இடத்தில், நடுவே ஓடும் இரண்டு தசைநாண்களுக்கிடையே ஒரு பள்ளம் தட்டுப்படும். அதன் பெயர் நெய்குவான். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு இந்தப் புள்ளி உதவுகிறதா என்று 59 சோதனைகளில் பங்கேற்ற 7,667 பேரின் விவரங்களைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, 2015இல் உதவுகிறது என்றே சொன்னது. வாந்தி மாத்திரைக்கு ஈடாகவே வேலை செய்கிறது என்றும் கண்டது. பேருந்துக் குமட்டலுக்கு அந்த அளவு உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் அழுத்திப் பார்ப்பதில் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருகிறவர், அதே கையின் மணிக்கட்டில் மறு கைக் கட்டை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொள்ளலாம்.