வேகத்திற்காகக் கடவுச்சொல்லை இழக்கலாமா?

உபுண்டு, லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களைப் பிட்டொரென்ட் வழியாகவும் பெறலாம். 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய இம்முறையில், கோப்பு ஒரே கணினியிலிருந்து வருவதில்லை. சிறு துண்டுகளாகப் பலரிடமிருந்து வந்து சேர்கிறது. வேகம் குறைந்தால், முழுக் கோப்பையும் வைத்திருக்கும் ‘சீடர்’கள் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். (குருவின் சீடர் அல்லர், விதைப்போர்!) அடுத்தது பதிவேற்றம். கொடுப்பவருக்கே பிறர் முன்னுரிமை தருவர் என்பதால் அதனை அடியோடு நிறுத்தலாகாது. வரம்பின்றித் திறந்துவிட்டாலோ, துண்டு கிடைத்ததென நம் கணினி அனுப்பும் ஒப்புகைச் செய்திகள் நெரிசலில் சிக்கிப் பதிவிறக்கமும் தளரும். பதிவேற்றத் திறனில் சுமார் 80 விழுக்காட்டை வரம்பாக அமைப்பது நல்லது. 8 பிட் சேர்ந்ததே 1 பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது.

வங்கி அலுவலர் என்ற முறையில் நான் அஞ்சுவது வேறொன்றை. வேகத்தைப் பன்மடங்காக்குவதாக விளம்பரப்படுத்தப்படும் துணைச் செயலிகளுள் சில, தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லைக் களவாடும் நிரல்களைச் சுமந்து வருகின்றன. ஃபயர்வாலை அணைக்கச் சொல்லும் யோசனையையும் ஏற்க வேண்டாம். பகிர்வுச் செயலிக்கு மட்டும் அனுமதி அளித்தால் போதும். அத்தகைய துணைச் செயலியை ஏற்கெனவே நிறுவியிருப்பின், வேறொரு கணினியிலிருந்து உங்கள் இணைய வங்கிக் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.