சருகு நெருப்பு சொல்லிக்கொடுத்த பாடம்

சத்தியமங்கலத்தில் பேருந்து ஏறி, பண்ணாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலைப்பாதையில் போனால் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி மூச்சு வாங்கும்போது சன்னல் பக்கம் பாருங்கள். மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சின்னச்சின்னப் பூங்கொத்துகள், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் இலை, சட்டையைப் பிடித்து இழுக்கும் முள். அதுதான் உண்ணிச்செடி.

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தார்கள். அதன் கறுப்புப் பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரை, அதாவது 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பை, உண்ணிச்செடி பிடித்துவிட்டதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. புல் முளைக்க இடமில்லை. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை.

வந்து இருநூறு ஆண்டாகிறது. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் மட்டும் இது இவ்வளவு வெறியோடு பரவியது ஏன்?

இந்தக் கேள்விக்கான பதில் திம்பத்துக்கு அப்பால், ஆசனூரையும் தாண்டிய மலைகளில் இருந்தது. சத்தியமங்கலம் காட்டை ஒட்டியே கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை தொடங்குகிறது. மாநில எல்லைக்கோடு நமக்குத்தான். அங்கே வாழும் பழங்குடிகளான சோளகர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே காடு. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் மூலம் தமிழ் வாசகர்கள் அறிந்த அதே மக்கள்.

பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பரத் சுந்தரம் இந்தச் செடியை ஆராய இறங்கினார். அவரும் அங்கிலா ஹிரேமத்தும் 2005இல் ஒரு கருதுகோளை எழுதினார்கள். காட்டில் தீ பிடித்தால் திறந்த வெளி உண்டாகிறது. அங்கே உண்ணிச்செடி புகுந்து அடர்ந்து வளர்கிறது. அது காய்ந்து அடுத்த தீக்கு விறகாகிறது. தீ செடியை வளர்க்க, செடி தீயை வளர்க்கும் சுழல். கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும்.

அடுத்து அளவெடுப்பு. பிலிகிரிரங்கன் மலையின் சுமார் 540 சதுர கிலோமீட்டர் காட்டில் 1997இல் அளந்து வைத்திருந்த 134 இடங்களை 2008இல் திரும்பப் போய் அளந்தார்கள். முன்பு 41 சதவீத இடங்களில் இருந்த உண்ணிச்செடி 81 சதவீத இடங்களில் இருந்தது. பதினோரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு.

எண்ணிக்கை கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த சோளகப் பெரியவர்களிடம் கேட்டபோது கதை தலைகீழானது. தீயால் இந்தச் செடி பெருகவில்லை, தீயை நிறுத்தியதால்தான் பெருகியது என்றார்கள் அவர்கள்.

அவர்கள் சொன்ன தீக்கு ‘தரகு பெங்கி’ என்று பெயர். தமிழில் சொன்னால் சருகு நெருப்பு. கோடை முற்றும் முன்பே, தரையில் ஈரப்பசை மிச்சமிருக்கும்போதே வைக்கும் சிறு தீ. கீழே கிடக்கும் சருகையும் காய்ந்த புல்லையும் மட்டும் நக்கிக்கொண்டு நகர்ந்துபோகும். மரத்தின் அடிப்பட்டையைத் தாண்டி ஏறாது. அந்த ஆண்டு முளைத்த உண்ணி நாற்றுகள் வேர் பிடிக்கும் முன்பே அதில் கருகிப்போகும். 1974இல் அந்த மலை சரணாலயமான பிறகு தீ வைப்பது குற்றமானது. நாற்று செடியானது, செடி புதரானது, புதர் ஆளுயரம் தாண்டி மரக்கிளையைத் தொட்டது.

இப்போது அதே இடத்தில் தீ பிடித்தால் அது சருகு நெருப்பாக இருக்காது. காய்ந்த உண்ணிப் புதர் தரைத்தீக்கு ஏணி போட்டுக் கொடுக்கிறது; தீ உச்சிக்கிளை வரை ஏறுகிறது. மரம் சாகும். ஆனால் உண்ணிச்செடி அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். ஆய்வாளர்களின் கருதுகோளில் பாதி உண்மை இருந்தது, மீதிப் பாதி சோளகர்களிடம் இருந்தது. அவர்கள் சொன்னதை உள்ளடக்கிய ஆய்வுக் கட்டுரை 2012இல் வெளியானது.

நெல்லி மரத்திலும் இதே கதைதான். காட்டு நெல்லிக்காய் சோளகர்களின் வருமானம். அந்த மரங்களில் புல்லுருவி பெருகிக் காய்ப்பைக் கெடுக்கிறது. அதை அவர்கள் ‘உப்பிலு’ என்பார்கள். தீ நின்றதுதான் இதற்கும் காரணம் என்ற அவர்கள் பேச்சை 2010இல் இன்னோர் ஆய்வு எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது.

இதில் பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது? சருகும் புல்லும் எரிந்தால் வெளியேறும் கரியமில வாயுவை அடுத்த மழைக்கு முளைக்கும் புல்லே திரும்ப இழுத்துக்கொள்ளும். பெருமரம் எரிந்தால் அந்தக் கணக்கு நேராகப் பல பத்தாண்டுகள் ஆகும். எரியும் காடு மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கக்குகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட முன்னது சுமார் 28 மடங்கும் பின்னது சுமார் 265 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைப்பவை.

வட ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்கையே ஒப்பந்தமாக்கினார்கள். மேற்கு ஆர்னெம் லேண்ட் பகுதியில் சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பழங்குடிகள் தங்கள் முன்னோர் முறைப்படி வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ வைக்கிறார்கள்; அந்தப் பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீ குறைகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வைக் குறைப்பது ஒப்பந்தத்தின் இலக்காக இருந்தது. டார்வின் நகரில் எரிவாயு ஆலை வைத்திருந்த நிறுவனம் இதற்காக ஆண்டுதோறும் சுமார் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வீதம் 17 ஆண்டுகளுக்குத் தர 2006இல் ஒப்புக்கொண்டது. பாட்டன் அறிவுக்குப் பேரன் சம்பளம் வாங்குகிறான்.

அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அவர்களுடையது புல்வெளிக் காடு, மழையும் மண்ணும் வேறு. நம் மலையில் உண்ணிப் புதர் மண்டிய இடத்தில் இன்று தீ வைத்தால் பேரழிவுதான். முதலில் புதரை வேரோடு எடுக்க வேண்டும், புல் திரும்ப வேண்டும், அதன்பிறகே சருகு நெருப்பைப் பற்றிப் பேசலாம். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு என்பதைச் சொல்ல அந்தப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டாக வேண்டும். பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது. ஆனால் காட்டைப் பராமரிப்பதில் அவர்கள் சொல் இன்னும் முழுதாக ஏறவில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் 2015இல் நீலகிரி களக் கற்றல் மையத்தைத் தொடங்கின. அமெரிக்க மாணவர்களும் மலைக்கிராமத்துப் பழங்குடி இளைஞர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, சேர்ந்தே ஊருக்குப் போய், சேர்ந்தே ஆய்வு செய்கிறார்கள். அங்கே இருளரும் குறும்பரும் தகவல் தருபவர்களாக மட்டும் நின்றுவிடுவதில்லை, சக ஆய்வாளர்களாகவும் இருக்கிறார்கள்.

கோவையைச் சுற்றி என்ன குறைச்சல்? வேளாண் பல்கலைக்கழகம், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, ஆனைகட்டி சலீம் அலி மையம், வன மரபியல் நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஆண்டுதோறும் ‘புராஜெக்ட்’ என்று கேள்வித்தாளோடு மலையேறும் மாணவர்களுக்கும் குறைவில்லை. நூறு வீட்டில் டிக் அடித்து வாங்கி, மாலைப் பேருந்தில் இறங்கி, அட்டை போட்டுத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பதில் சொன்ன ஊருக்கு அந்த அட்டைகூடப் போய்ச் சேர்வதில்லை.

தம்பி, தங்கைகளே! அடுத்த முறை மலையேறும்போது கேள்வித்தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, ஆய்வு செய்ய வேண்டிய கேள்வி எது என்று அந்த ஊர்ப் பெரியவரிடமே கேளுங்கள். கண்டுபிடித்ததைத் தமிழில் நாலு பக்கம் எழுதி, அதே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர் தப்பு என்று சொன்னால் திருத்துங்கள். பரத் சுந்தரத்தின் ஆய்வும் அப்படித் திருத்தப்பட்டதுதான்.