காரின் தண்ணீர் எங்கே போகிறது?

திருப்பூணித்துறை கொச்சியை ஒட்டிய ஊர். பூர்ணத்ரயீசர் கோயில் இங்கே இருக்கிறது. கொச்சி அரசர்களின் பழைய அரண்மனையும் இருக்கிறது. கொச்சியிலிருந்து தேனிப் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மூவாற்றுப்புழை, கோதமங்கலம், அடிமாலி, மூணாறு என்று மலை ஏறும். போடிமெட்டில் இறங்கினால் தேனி மாவட்டம்.

இந்த ஊரில் ஒரு டிரைவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். கடன் வாங்கி வாங்கிய கார். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

மூன்று வாரமாக அவருக்கு ஒரு வேலை. காலையில் பானெட்டைத் திறப்பார். கூலண்ட் டப்பாவைப் பார்ப்பார். தண்ணீர் குறைந்திருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார்.

"தினமும் ஊத்துறீங்களே, அந்தத் தண்ணி எங்கேங்க போகுது?" என்று மனைவி கேட்டார்.

"வெயில் காலம்தானே. ஆவியாப் போயிருக்கும்" என்றார் அவர்.

ஆவியாகப் போகவில்லை. காரில் தண்ணீர் ஓடும் பாதை மூடிய பாதை. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும். ரேடியேட்டரிலிருந்து மறுபடி இன்ஜினுக்குப் போகும். நல்ல நிலையில் உள்ள காரில் மாதக் கணக்கில் பார்த்தாலும் அளவு அதிகம் குறையாது. தினமும் ஒரு குவளை குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது?

இன்ஜினுக்குள் பெட்ரோலோ டீசலோ எரிகிறது. அந்தச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் உள்ளே உள்ள உலோகம் வளையும், இறுகும். இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

நீரைச் சுற்றவைப்பது வாட்டர் பம்ப். ரேடியேட்டரில் மெல்லிய குழாய்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் மேல் காற்று படும்போது நீர் ஆறும். இடையில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு கதவு உண்டு. இன்ஜின் சுமார் 80 முதல் 90 டிகிரி வரை சூடான பிறகுதான் அது திறக்கும்.

கார் பிறந்த காலத்தில் இந்த வசதி இல்லை. 1888இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் செய்த மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். கூட அவருடைய இரண்டு மகன்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்த வண்டியில் நீர் கொதித்து ஆவியாகவே போய்விடும். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வண்டிக்கு அது சரி. இன்றைய காருக்குச் சரியில்லை.

இன்றைய ரேடியேட்டரை நம் வீட்டுப் பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொள்ளலாம். குக்கரில் வெயிட் இருப்பதுபோல ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்த அழுத்தத்தில் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கூலண்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும்.

ஓட்டை விழுந்தால் நீர் மட்டுமா போகிறது? அழுத்தமும் போகிறது. அப்போது நீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

மலை ஏறும்போது

டிரைவருக்கு மூணாறு சவாரி கிடைத்தது. காலையிலும் ஒரு குவளை ஊற்றிவிட்டுப் புறப்பட்டார். நேரியமங்கலம் வரை தொல்லை இல்லை. அங்கே பெரியாற்றின் மேல் 1935இல் திறந்த பழைய வளைவுப் பாலம் உண்டு. அதைத் தாண்டினால் காடு, வளைவு, ஏற்றம். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஏற்றத்தில் இன்ஜின் அதிகம் உழைக்கிறது. வண்டியோ மெதுவாகப் போகிறது. ரேடியேட்டரில் படும் காற்று குறைவு. உள்ளே சூடும் அழுத்தமும் கூடுகின்றன. வீட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகிய சிறு வெடிப்பு இங்கே வாய் திறக்கிறது.

சீயப்பாறை அருவிக்குக் கொஞ்சம் முன்னால் முள் ஏறியது. காரில் சூடு காட்டும் முள் ஒன்று உண்டு. ஒரு முனையில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது சூடு. மறுமுனையில் 'சி'. அது குளிர். சில புதிய கார்களில் முள் இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரியும். இன்னொரு விஷயமும் உண்டு. நீர் அடியோடு வற்றிவிட்டால் முள் சட்டென்று இறங்கவும் கூடும். சூட்டை அளக்கும் கருவி நீரில் நனைந்தால்தான் சரியாகச் சொல்லும். முள் இறங்கியதே என்று ஓட்டிக்கொண்டு போனவர்கள் இன்ஜினை இழந்திருக்கிறார்கள்.

டிரைவர் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பானெட் இடுக்கில் ஆவி வந்தது. பின் சீட்டில் இருந்த இளைஞர் இறங்கி ஓடி வந்தார்.

"மூடியைத் திறந்து தண்ணி ஊத்தலாமா அண்ணே?"

"தொடாதீங்க தம்பி! கை வெந்து போயிரும்!"

டிரைவர் செய்த எல்லாத் தவறுக்கும் இது ஒன்று ஈடு. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடான நீர். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேல் குழாயை வெளியிலிருந்து லேசாகத் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால்தான் திறக்கலாம். அப்போதும் தடித்த துணியை மூடியின் மேல் போட வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்ப வேண்டும். சில கார்களில் இன்ஜின் அணைந்த பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். கையும் சேலைத் தலைப்பும் துண்டும் அதன் பக்கம் போகக் கூடாது.

கொதிநீர் பட்டுவிட்டால் என்ன செய்வது? பட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். பற்பசை, மை, மாவு எதுவும் பூசக் கூடாது. முகத்தில் பட்டாலும், கொப்புளம் பெரிதானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முக்கால் மணி நேரம் போனது. இன்ஜின் ஆறிய பிறகு குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் உலோகம் வெடிக்கும். ஏசியை அணைத்தார்கள். இரண்டு இடத்தில் நின்று நின்று, அடிமாலியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓட்டையைத் தேடுவது

மெக்கானிக் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா அது சொல்லியிருக்கு. நீங்கதான் கேட்கல."

ஓட்டையை வீட்டிலேயே ஓரளவு தேடலாம். வண்டி ஆறியிருக்கும்போது தேட வேண்டும். இரவு வண்டியை நிறுத்தியதும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கவும். காலையில் எந்த இடத்தில் நனைந்திருக்கிறது என்று பார்க்கவும். அதற்கு நேர் மேலே பார்க்கவும். ஆனால் ஒழுகும் நீர் குழாய் வழியாக ஓடி வேறு இடத்தில் சொட்டுவதும் உண்டு.

கொச்சிப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். ஏசி ஓடிய காரின் அடியில் தண்ணீர் சொட்டும். அது நிறமில்லாத, வாசனையில்லாத வெறும் தண்ணீர். பயம் வேண்டாம். கூலண்ட் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். விரலில் பிசுபிசுக்கும். லேசாக இனிப்பு வாசனை வரும். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில்.

ஒழுகும் இடங்கள் பெரும்பாலும் பழக்கமானவைதான். ரப்பர் ஹோஸ் குழாய் ஊறிப் போகும், வெடிக்கும். அதைப் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்துத் தளரும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரத்தில் விரிசல் விழும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே ஈரம் தெரிந்தால் பம்பின் சீல் போய்விட்டது. காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிவு தெரியும். அது நல்ல அடையாளம். மூடியின் ரப்பர் தேய்ந்தாலும் நீர் போகும். மூடி மலிவான பொருள். அதைப் பார்க்காமலே ரேடியேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, நீர் மட்டும் குறைகிறது என்றால் அது மோசமான செய்தி. நீர் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. தலைப் பகுதிக்கு அடியில் உள்ள கேஸ்கட் கெட்டிருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பிசின் இருக்கும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருக்கும். கூலண்ட் டப்பாவில் குமிழ் வரும். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. இழுத்துத்தான் போக வேண்டும்.

இந்தக் காரில் அவ்வளவு தூரம் போகவில்லை. மெக்கானிக் கைப்பம்பு ஒன்றை ரேடியேட்டர் வாயில் மாட்டினார். ஆறிய இன்ஜினில் காற்றடித்து அழுத்தம் ஏற்றினார். மீட்டர் முள் மெல்ல இறங்கியது. கீழ் ஹோஸ் குழாயில், கிளிப்புக்குப் பக்கத்தில் முடி போன்ற ஒரு வெடிப்பு. அங்கிருந்து நீர் பீய்ச்சியது.

"கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டா அடைச்சிராதா?" என்று டிரைவர் கேட்டார்.

பழைய டிரைவர்களின் வைத்தியம் அது. சின்ன ஓட்டை அடைபடுவதும் உண்டு. ஆனால் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். வெடித்த ஹோஸில் எப்படியும் நிற்காது. கடையில் விற்கும் ஓட்டை அடைக்கும் மருந்தும் ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரத்தான்.

மெக்கானிக் ஹோஸையும் இரண்டு கிளிப்புகளையும் மாற்றினார். சில நூறு ரூபாய் செலவு. தலைப் பகுதி வளைந்திருந்தால் பல ஆயிரம் ஆகியிருக்கும். வண்டி பல நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்திருக்கும். கடன் தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

வெறும் தண்ணீர் போதாதா?

பனி விழாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். உறையாமல் இருப்பது அதன் ஒரு குணம். துருவைத் தடுப்பது இன்னொரு குணம். நமக்கு இதுதான் முக்கியம். தினமும் வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்ற, உள்ளே இருந்த கூலண்ட் நீர்த்துப் போகிறது. துரு பிடிக்கிறது. அந்தத் துருவே அடுத்த ஓட்டையைப் போடுகிறது.

கொச்சியில் இன்னொரு தொல்லை. கோடைக் காலத்தில் கடல் நீர் காயலிலும் கால்வாய்களிலும் ஏறி வருகிறது. கரையோரத்தில் பல கிணறுகளிலும் உப்புச் சுவை உண்டு. உப்பு நீர் அலுமினியத்தை அரிக்கும். ஆபத்துக்கு ஊற்றுவதானாலும் குடிநீரையே ஊற்ற வேண்டும். கூலண்டுடன் கலக்க, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. பாதிக்குப் பாதி கலப்பது வழக்கம். கலந்தே விற்பதும் உண்டு. அதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. எது என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஒரு நிறத்தோடு வேறு நிறத்தையும் கலக்கக் கூடாது.

பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது விஷம். ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும். குழந்தைகளும் வாயில் வைக்கலாம். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெடும், உயிரும் போகும். மிச்சக் கூலண்டைக் குடிநீர் பாட்டிலிலோ கலர் சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தரையில் சிந்தினால் நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். பழையதைக் கால்வாயில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் நேரம் முக்கியம்.

டிரைவர் ஊர் திரும்பினார். வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் வண்டியை நிறுத்தினார். கூலண்ட் டப்பாவில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோடு, மேல்கோடு. ஆறிய வண்டியில் நீர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மறுநாள் காலையில் நீர் நின்ற இடத்தில் அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தேதியை எழுதினார். ஒரு வாரம் தினமும் மனைவி போய்ப் பார்த்தார். நீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. தாளும் காய்ந்தே இருந்தது.