டெல்லித் தொடரும் விருப்பாச்சிக் கதையும்

சின்னாளபட்டியில் தறி ஓடும் வீடுகளிலும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் வண்டிகளிலும் 100.5 மெகாஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருப்பது ஆகாசவாணியின் கோடை பண்பலை. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவோடு சேர்ந்து வளையாது. அதனால் சமவெளியில் நிற்கும் கோபுரத்துக்கு எல்லை சீக்கிரமே வந்துவிடும். கோடை பண்பலை இருக்கும் கொடைக்கானலோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைமேல் ஒருவர் மைக்கில் பேசுவது திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம் எல்லாம் கடந்து மதுரை, தேனி வரை கேட்பது அந்த உயரத்தால்தான். நாடு ஓர் ஆண்டுவிழா கொண்டாடினால், அதைக் காசில்லாமல் இந்தச் சமவெளிக்குக் கொண்டுவரும் வலுவான குரல் இது.

சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு விழா, தண்டி யாத்திரை தொடங்கிய நாளான மார்ச் 12-இல், 2021-ஆம் ஆண்டு தொடங்கி 2023 ஆகஸ்ட் 15 வரை நடந்தது. அதையொட்டி, பிரசார் பாரதியின் கீழ் இயங்கும் தூர்தர்ஷன் எடுத்த பெருமுயற்சி ‘ஸ்வராஜ்’ தொடர். வாஸ்கோடகாமா வந்திறங்கியதிலிருந்து விடுதலை வரை 75 பகுதிகள். 2022 ஆகஸ்ட் 14 முதல் ஞாயிறுதோறும் ஒளிபரப்பானது. ராணி அப்பக்கா, திரோத் சிங், சித்து-கான்ஹு என்று பாடப்புத்தகம் அதிகம் பேசாத பெயர்களை எடுத்தது. இந்தியில் எடுத்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் டப்பிங் செய்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் ஒரே கதை எல்லா மாநிலத்துக்கும் போகும்போது, ஒரு மாவட்டத்துக்கு அதில் கிடைக்கும் நேரம் சொற்பம்.

அந்தக் குறையை நிரப்ப வேண்டியவை உள்ளூர் நிலையங்கள். ஆகாசவாணி 2021 நவம்பர் 28-இல் இளைஞர்களுக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 167 நிலையங்கள், 1,000 கல்வி நிறுவனங்கள், 20,000 மாணவர்கள் என்பது அறிவித்த இலக்கு. மாணவர்களே நிகழ்ச்சியைத் திட்டமிட்டு, மைக் பிடித்துத் தங்கள் பகுதியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அதன் அமைப்பு. ‘ஸ்வராஜ்’ அளவுக்கு இது பேசப்படவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் மேலான யோசனை.

ஏன் என்று சொல்ல வெகுதூரம் போக வேண்டாம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது விருப்பாச்சி. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்தது இங்கேதான். திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் கையில். அவருடைய படை உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார் நாச்சியார். விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் பாளையங்களை ஒன்று திரட்டி, 1801-இல் தூக்கிலிடப்பட்டார். இதை ஒட்டன்சத்திரம் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில் அரைமணி நேரம் சொன்னால், டப்பிங் குரல் எட்டாத இடத்தை அது எட்டும். இதே வட்டாரத்துக் காந்திகிராமமும் 1947 அக்டோபரில் பிறந்ததுதான்; விழாக் காலத்தில் நாட்டோடு சேர்ந்து அதற்கும் 75 வயது நிறைந்தது.

விழா ஆண்டுகள் ஒலிபரப்பையே மாற்றியதும் உண்டு.  பொன்விழா ஆண்டான 1997-இல்தான் வானொலியும் தொலைக்காட்சியும் அரசுத் துறை என்ற நிலையிலிருந்து பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்புக்கு மாறின. 75-ஆம் ஆண்டில் நடந்தது வேறு. மொட்டைமாடி ஆன்டெனாவில் தூர்தர்ஷனைத் தந்துவந்த தரைவழி அனலாக் ஒளிபரப்பு, ஒருசில இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்தப்பட்டது. இனி கேபிள் வேண்டும், அல்லது மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் வேண்டும். வெறும் ஆன்டெனாவை நம்பியிருந்த வீட்டுக்கு வானொலிதான் மிச்சம். 

அடுத்த பெருவிழா 2047. 1947-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது. கொடி ஏறிய நாளில் பள்ளியில் மிட்டாய் வாங்கியவர்கள், சின்னாளபட்டியில் கதர் நூற்றவர்களின் பிள்ளைகள், ஆத்தூரிலும் நிலக்கோட்டையிலும் இன்னும் சிலர் இருப்பார்கள். நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு வேண்டிய குரல்கள் அவை. கோடை பண்பலையும் மதுரை வானொலியும் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் திண்ணைகளுக்கு இந்த ஆண்டே போக வேண்டும்.