மேலே போனாலும் குறையும், கீழே போனால்?

சிவகாசி ராக்கெட் ஒன்று நூறு மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மருந்து எரிந்து எடை குறைவது தனிக்கணக்கு. பூமியின் இழுப்பு மட்டும் ஏறத்தாழ 32,000-இல் ஒரு பங்கு குறைகிறது. விருதுநகர்க் கரிசலில் அதே நூறு மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டி இறங்கினால்? பூமி முழுக்க ஒரே அடர்த்தி கொண்ட உருண்டையானால் அங்கும் இழுப்பு குறையும்; ஆனால் 64,000-இல் ஒரு பங்குதான். சரியாகப் பாதி.

ஏன் பாதி என்பதற்கு விடை 1687-இல் வெளியான நியூட்டனின் ‘பிரின்சிபியா’வில் இருக்கிறது. சணல் நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் அணுகுண்டு வெடியைப் போல, பூமியையும் அடுக்கடுக்கான கூடுகளாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு கூடு, தனக்கு வெளியே இருப்பவரைத் தன் நிறையெல்லாம் நடுப்புள்ளியில் குவிந்தது போல இழுக்கும். உள்ளே இருப்பவரை இழுக்கவே இழுக்காது. பக்கத்துச் சுவர் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் பார்வைக் கோணத்துக்குள் அடங்குவது சிறு துண்டு. எதிர்ச்சுவர் பத்து மடங்கு தொலைவு என்றால், அதே கோணத்தில் அடங்கும் துண்டு நூறு மடங்கு பெரிது. அதன் ஒவ்வொரு பகுதியின் இழுப்போ நூறில் ஒன்று. இரண்டும் சமமாகி அடிபட்டுப் போகின்றன.

ஆக, கிணற்றில் இறங்கியவருக்குத் தலைக்கு மேலுள்ள கூடுகள் கணக்கில் இல்லை. காலடியில் மிஞ்சும் உருண்டைதான் இழுக்கிறது. பாதி ஆரத்தில் பாதி எடை, மையத்தில் சுழியம். வெளியே கதை வேறு: பூமியின் ஆரமான 6,371 கி.மீ. உயரம் போனால் இழுப்பு கால் பங்காகிவிடும். 400 கி.மீ. உயரத்து விண்வெளி நிலையத்தில் இன்னும் 88 விழுக்காடு மிச்சம் இருக்கிறது. அங்கே மிதப்பவர்கள் நிலையத்தோடு சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

உண்மைப் பூமி இந்தக் கணக்கை மீறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கி.மீ. சீரான உருண்டையானால் 60 கிலோ ஆள் அங்கே 30 கிராம் குறைய வேண்டும். உண்மையில் பத்துப் பதினைந்து கிராம் கூடுவார். மேலோட்டுப் பாறை நீரைவிட ஏறத்தாழ மூன்று மடங்குதான் அடர்த்தி; பூமியின் சராசரியோ ஐந்தரை மடங்கு. இறங்குபவர் விட்டு விலகுவது லேசான கூட்டை, நெருங்குவது கனத்த இரும்புக் கருவை.

1854-இல் இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதை ஊசல் கொண்டு அளந்தார். கீழே இருந்த ஊசல் நாளுக்கு இரண்டேகால் விநாடி முந்தியது. அந்த இரண்டேகால் விநாடியை வைத்தே பூமியின் சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டார். விடை சற்றுக் கூடுதலாக வந்தது. கருவின் விளிம்பு வரை, அதாவது 2,900 கி.மீ. ஆழம் வரை, இழுப்பு பெரிதாக மாறுவதில்லை. அங்கே உச்சம் தொட்ட பிறகுதான் சுழியத்தை நோக்கி இறங்கத் தொடங்குகிறது.